இருபத்து மூன்றாம் நாள் பாடம்

பியூலாவுக்கு எழுத்துதான் வராது, காது நன்றாக வரும். நாசரேத்தில் ஆலயப் பாடகர் குழுவுக்குப் புதுப் பாட்டு சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர்கள் தாளைப் பார்த்துத் தடுமாறிக்கொண்டிருப்பார்கள். அவள் ஒரு தடவை கேட்டுவிட்டு மறு தடவை கூடவே பாடிவிடுவாள். தாளைக் கையில் கொடுத்தால் எழுத்துகள் அவளுக்கு இடம் மாறி மாறி நிற்கும். பத்தாம் வகுப்பை மூன்றாவது முயற்சியில் தாண்டி, நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, படுக்கையில் திருப்பிப் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். பதினொரு வருடம் அதே வேலை. கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பியூலாவும் ஜெர்மன் வகுப்புக்குப் போனாள். பேசச் சொன்னால் ஆசிரியரே வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுத்துத் தேர்வில் இரண்டு முறையும் விழுந்தாள்.

அப்போதுதான் செவிமொழி வந்தது.

புளியங்கொட்டை அளவில் காதுக்குள் உட்காரும் கருவி அது. புத்தகம் கிடையாது, எழுத்து கிடையாது, தேர்வும் பேச்சுத் தேர்வுதான். பின்லாந்தில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி, சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் முப்பது பெண்களை உட்காரவைத்திருந்தார்கள். நிவேதன் என்ற இளைஞன்தான் விளக்கம் சொன்னான்.

"சின்ன வயசுல உங்களுக்கு யாராவது இலக்கணம் சொல்லிக்கொடுத்தா தமிழ் வந்துச்சு? காதுல விழுந்தது, வந்துச்சு. இதுவும் அப்படித்தான். தினம் இருபது நிமிஷப் பாடம். மத்த நேரம் உங்க காதுல விழறதையெல்லாம் இதுவும் கூடவே கேட்டுக்கிட்டிருக்கும். உங்களுக்கு எது புரியல, எது தேவை, எது தேவையில்லன்னு கண்டுபிடிச்சு, மறுநாள் பாடத்தை உங்களுக்குன்னே தைச்சுக் கொடுக்கும். ரெண்டு பேருக்கு ஒரே பாடம் கிடையாது."

முதல் நாள் பாடத்தில் ஒரு பெண்குரல் தமிழ்ச் சொல் ஒன்றைச் சொல்லி, அதற்கு ஜோடியாக ஃபின்னிஷ் சொல் ஒன்றைச் சொன்னது. தண்ணீருக்கு அவர்கள் 'வெஸி' என்கிறார்கள் என்று தெரிந்ததும் முப்பது பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆறாவது வாரம் அதே முப்பது பேரும் சிரிக்காமல் ஃபின்னிஷில் வானிலை பேசினார்கள். பேச்சுத் தேர்வில் பியூலாதான் முதலாவதாக வந்தாள். வாழ்க்கையில் அவள் முதலாவதாக வந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு அதை இரண்டு தடவை சொன்னாள்.

செப்டம்பரில் போய் இறங்கினாள். ஏரிக்கரை ஊர். இல்லத்தில் அவள் பொறுப்பில் பதினான்கு அறைகள். காலையில் ஓர் அறைக்கு எட்டு நிமிடம். எழுப்பி, துடைத்து, துணி மாற்றி, நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டிய பட்டை பச்சையாக இருக்கும். ஏழாவது நிமிடம் மஞ்சளாகும், எட்டில் சிவக்கும். ஒரே வாரத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் மேலாளர் கூப்பிட்டுப் பேசுவார். அந்தப் பிரிவில் பியூலாவோடு இன்னும் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். ஒருத்தி விருதுநகர், ஒருத்தி பாலக்காடு, மற்றவள் பிலிப்பைன்ஸ். நால்வரும் அவரவர் மொழியில் செவிமொழி கேட்டு வந்தவர்கள்தான். தினமும் காலைப் பேருந்தில் இருபது நிமிடப் பாடத்தைக் கேட்டாக வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. விட்டால் மொழி வடிந்துவிடுமாம்.

ஒன்பதாம் அறையில் ஐலா இருந்தாள். எண்பத்தாறு வயது. நாற்பது வருடம் ரொட்டி வண்டி ஓட்டியவள். எந்தக் கிராமத்து வளைவில் பனி முதலில் இறுகும், எந்த வீட்டு நாய் வண்டிச் சக்கரத்தைத் துரத்தும் என்று எல்லாம் நினைவில் வைத்திருந்தாள். பியூலாவை 'பேவ்லா' என்றுதான் கூப்பிடுவாள்.

"பேவ்லா, உங்கள் ஊரில் ரொட்டி வண்டி வருமா?"

"பால்வண்டி வரும். மீன் சைக்கிள் வரும். காலையிலே ஹாரன் அடிச்சுக்கிட்டே போவாங்க."

"என் வண்டிக்கும் ஹாரன் இருந்தது. அதைக் கேட்டால் பசுமாடுகூட வாசலுக்கு வரும்."

இப்படி நினைத்த மாத்திரத்தில் பதில் வந்து விழும்போது பியூலாவுக்கே ஆச்சரியமாக இருக்கும். ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத மொழியில் அவள் கேலி பேசினாள், வம்பளந்தாள். இதெல்லாம் அந்தப் புளியங்கொட்டை தந்ததுதானே என்று தினமும் இரவு ஜெபத்தில் அதையும் சேர்த்துக்கொண்டாள்.

ஐலாவின் பேச்சில் சில நேரம் ஒரு முணுமுணுப்பு வரும். தண்ணீருக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல இருக்கும். ஐலாவிடம் மட்டுமல்ல, பெரும்பாலான அறைகளில் அப்படித்தான். வயதானால் நாக்கு குழறும், நாகர்கோவிலிலும் பார்த்ததுதானே என்று பியூலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற மூவரும் அதையேதான் சொன்னார்கள். முணுமுணுப்பு வரும்போது என்ன செய்வது என்று அவர்களுக்குள் ஒரு பழக்கமே உண்டாகிவிட்டது. சிரித்த முகத்தோடு "நல்லது, நல்லது, இதோ முடிந்தது" என்று சொல்லிக்கொண்டே வேலையைப் பார்ப்பார்கள்.

மார்ச் மாதத்தில் ஐலாவின் முணுமுணுப்பு அதிகமானது. துணி மாற்றத் திருப்பும்போதெல்லாம் வந்தது. ரொட்டி வண்டிக் கதை நின்றுபோனது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் மார்யா தொலைபேசியில் கூப்பிட்டபோது, "அம்மா களைச்சுப்போயிருக்காங்க, தூங்குறாங்க" என்று பியூலாதான் சொன்னாள். வாரம் ஒரு நாள் வரும் தாதி அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தாள். பதிலுக்கு யாரும் வரவில்லை. முணுமுணுப்பு அதிகமாகிப் பன்னிரண்டாம் நாள் காலை பியூலா ஒன்பதாம் அறைக்குள் போனபோது ஐலா இறந்துகிடந்தாள்.

இடுப்பு எலும்பில் விரிசல் என்று மருத்துவர் எழுதினார். ஏற்பட்டுப் பன்னிரண்டு நாளாவது ஆகியிருக்கும், அதிலிருந்து கிளம்பிய இரத்தக்கட்டி நுரையீரலை அடைத்திருக்கிறது.

மார்யாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. அறைகளில் யாராவது விழுந்தால் எச்சரிக்க ஒரு கருவி உண்டு, அது ஒலியையும் பதிவு செய்து வைத்திருக்கும். கேட்டு வாங்கி, பன்னிரண்டு நாள் பதிவையும் அவள் உட்கார்ந்து முழுதாகக் கேட்டிருந்தாள். பிறகு மேலாளரிடம் சொல்லி பியூலாவை ஊழியர் சிற்றுண்டி அறைக்கு வரவழைத்தாள். நண்பகல் வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது.

"உங்கள் வேலை நேரத்தில் மட்டும் நாற்பத்தொரு தடவை," என்றாள் மார்யா. குரலை உயர்த்தவில்லை. "நான் எண்ணினேன். இதைக் கேளுங்கள்."

கைப்பேசியை மேசையில் வைத்து ஓடவிட்டாள். படுக்கை கிறீச்சிடும் ஓசை. ஐலாவின் முணுமுணுப்பு. உடனே பியூலாவின் குரல், உற்சாகமாக: நல்லது, நல்லது, இதோ முடிந்தது. மறுபடி முணுமுணுப்பு. மறுபடி நல்லது.

"என் அம்மா இதைச் சொல்கிறாள், நீங்கள் நல்லது என்கிறீர்கள். ஏன்?"

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் பியூலா.

மார்யா சொன்னாள். பியூலா அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல அதே முணுமுணுப்பு வந்தது. ஐம்பத்தைந்து வயது ஆசிரியையின் நாக்கு குழற வாய்ப்பில்லை.

"எனக்குக் கேக்கல," என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

மார்யா இன்னும் இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை எழுந்துவிட்டாள். "என்னை முட்டாளாக்க வேண்டாம்."

மேலாளர்தான் சலவைக்கூடத்திலிருந்து தர்மினியை அழைத்துவந்தார். தர்மினி யாழ்ப்பாணத்துக்காரி. இருபது வருடத்துக்கு முன்னால் வந்து, மாலை வகுப்பில் இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டி ஃபின்னிஷ் படித்தவள். இன்றைக்கும் உச்சரிப்பு முரடாகத்தான் இருக்கும். துணிக் கூடைகளோடு அவள் வேலை கீழ்த்தளத்திலேயே முடிந்துவிடும், அறைகளுக்குள் வரமாட்டாள். பதிவை ஒரே ஒரு தடவை கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"பிள்ளை, உமக்கு உண்மையா விளங்கேல்லையோ? அந்த மனிசி வலிக்குது எண்டெல்லோ சொல்லுறா."

பியூலாவுக்கு அந்த வாக்கியத்தின் தலையும் வாலும் கேட்டன. நடுவில் முணுமுணுப்பு.

"அக்கா, நீங்க தமிழ்லதான் சொன்னீங்களா?"

"தமிழிலதான்."

"அந்த நடு வார்த்தைய மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

தர்மினி சொன்னாள். மெதுவாகச் சொன்னாள், எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பியூலா தலையை ஆட்டினாள். பிறந்ததிலிருந்து பேசிய மொழியில் ஒரு சொல் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன சொல் என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்கப் பிடிமானமே இல்லை.

தர்மினி அவள் தோளைப் பிடித்தாள். "நோகுது, பிள்ளை," என்றாள். "நோகுது, நோகுது எண்டு கத்தியிருக்கிறா."

அது கேட்டது.

ஊரில் அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. செவிமொழியின் பெண்குரலும் அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் அது முழுசாக, கூர்மையாக உள்ளே வந்து இறங்கியது. நாற்பத்தொரு நல்லதும் ஒன்றாகப் பியூலாவின் காதில் விழுந்தன.

அன்றைக்கே மற்ற மூவரையும் கூப்பிட்டுப் பதிவைக் கேட்கவைத்தார்கள். மூவருக்கும் முணுமுணுப்புதான் கேட்டது. மார்யா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் நம்பிவிட்டாள் என்று பியூலாவுக்குப் புரிந்தது. "உங்கள் காதுக்குள் என்ன வைத்திருக்கிறார்கள்?" என்றுதான் மார்யா கடைசியாகக் கேட்டாள். இரண்டு நாளில் அந்தக் கேள்வி செய்தித்தாள்களில் வந்தது. வேலைக்காரர்கள் வேகமாக வேலை செய்ய வேண்டும் என்று செவிமொழி நிறுவனம் சொற்களைத் திருடிவிட்டது என்று எழுதினார்கள். விசாரணைக்குத் தேதி வைத்தார்கள். பியூலாவுக்கென்று அரசு ஒரு வழக்கறிஞரை அமர்த்தியது. "உங்கள் மேல் தவறே இல்லை. நீங்களும் பாதிக்கப்பட்டவர். எனக்குக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள், போதும்," என்றார் அவர்.

பியூலாவுக்கும் கோபம்தான். நிவேதனைத் தொலைபேசியில் பிடிக்க நான்கு நாள் ஆயிற்று. தர்மினியின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசினாள்.

"யாரு தம்பி அந்த வார்த்தைய எடுத்தது? யாரு உக்காந்து பட்டியல் போட்டது? அத மட்டும் சொல்லுங்க."

திரையில் நிவேதன் இளைத்துப்போயிருந்தான். "யாரும் பட்டியல் போடல சிஸ்டர். நாங்க ஒரு வார்த்தையையும் எடுக்கறதில்ல. அந்த வார்த்தை உங்க முதல் வாரப் பாடத்துலயே இருக்கு. நீங்க நல்லாச் சொல்லியிருக்கீங்க, பதிவு இருக்கு."

"பெறகு எங்க போச்சு?"

"முதல்ல வந்த பேட்ச்ல எல்லா வார்த்தையும் எல்லாருக்கும் கொடுத்தோம். தாங்க முடியாம பாதிப் பேர் நடுவுல நின்னுட்டாங்க. அதனாலதான் பாரம் குறைக்கிற மாதிரி மாத்தினோம். ஒரு வார்த்தை உங்க காதுல விழுது, உங்களுக்குப் புரியுது, ஆனா நீங்க அதுக்கு எதுவுமே செய்யல. அப்படித் திரும்பத் திரும்ப நடந்தா, இந்த வார்த்தை இவங்களுக்குத் தேவையில்லன்னு அது எடுத்துக்கும். பாடத்துல அந்த வார்த்தை மேல ஒரு மெல்லிசான ஓசையைப் போர்த்திடும். அப்புறம் கருவியைக் கழட்டினாலும் அந்த வார்த்தை வெறும் ஓசையாத்தான் காதுல விழும். ஜோடியா கத்துக்கிட்ட தமிழ் வார்த்தையும் கூடவே மூடிக்கும்னு எங்களுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"எனக்குப் புரிஞ்சுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"புரிஞ்சா ஒரு கணம் மூச்சு நிக்கும், தாடை இறுகும். காதுக்குள்ள இருக்கறதால அதுக்குத் தெரியும்." அவன் இன்னொரு கோப்பைத் திறந்தான். "உங்க பதிவு என் முன்னாடி இருக்கு. இது உங்களுக்கு மட்டும் சொந்தமானது, நீங்க சம்மதிக்காம கோர்ட்டுக்குக்கூடக் கொடுக்க மாட்டோம். படிக்கட்டுமா?"

"படிங்க."

"வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பதாம் நாள். ஆறு தடவை கேட்டிருக்கு, ஆறு தடவையும் புரிஞ்சிருக்கு, பதில் இல்ல. இருபதாம் நாள் ஒன்பது தடவை, பதில் இல்ல. இருபத்தொண்ணு, பதினொரு தடவை. இருபத்திரண்டு, எட்டு. இருபத்து மூணாம் நாள் பாடத்துல எடுத்துடுச்சு."

பியூலா மேசைமேல் விரல் வைத்து நாட்களை எண்ணினாள்.

"மத்த மூணு பேருக்கும் போன வார்த்தைகள் வேற வேற," என்றான் நிவேதன். "ஒருத்தருக்கு ஏழு, ஒருத்தருக்கு நாலு. ஆனா இந்த ஒரு வார்த்தை நாலு பேர்கிட்டயும் இல்ல."

"திரும்ப வருமா?"

"பாத்துக்கிட்டிருக்காங்க சிஸ்டர். இதுவரைக்கும் யாருக்கும் வரல."

பத்தொன்பதாம் நாள் பியூலாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அக்டோபர் தொடக்கம், ஜன்னலில் முதல் உறைபனி. ஐலாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை போட்டுவிட வேண்டியிருந்தது. கை மேலே வரவில்லை, தோள் மூட்டு பிடித்திருந்தது. மணிக்கட்டுப் பட்டை மஞ்சளாகிவிட்டது. அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு சிவப்பு. ஐலா ஏதோ சொன்னாள். என்ன சொல் என்பது இப்போது நினைவிலும் முணுமுணுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அது தனக்குப் புரிந்ததும், ஒரு கணம் கை நின்றதும் நினைவிருந்தன. மெதுவாகக் கழற்றி, முன்பக்கம் பொத்தான் வைத்த வேறு சட்டை எடுத்திருக்கலாம். அதற்கு இன்னும் நான்கு நிமிடம் வேண்டும். பியூலா ஞாயிறு பள்ளிப் பாட்டு ஒன்றைச் சத்தமாகப் பாடிக்கொண்டே கையை இழுத்துச் சட்டைக்குள் விட்டாள். பாட்டு முடிந்ததும் ஐலா, கண்ணில் நீரோடு, கை தட்டினாள். பட்டை சிவக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. மறுநாளும் பாடினாள். அதற்கடுத்த நாளும்.

பேசி முடித்தபின் தர்மினி அடுப்பை அணைத்தாள். "இதை ஆரிட்டயும் சொல்லாதையும்," என்றாள். "அவன்தான் சொல்லுறானே, உமக்கு மட்டும் சொந்தமெண்டு. எட்டு நிமிசம் எண்டு வைச்சவங்களை விட்டிட்டு, உம்மையோ பிடிப்பாங்கள்? ஓம், உம்மைத்தான் பிடிப்பாங்கள். ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள். இல்லாட்டி உள்ள வைப்பாங்கள்."

"சரிக்கா," என்றாள் பியூலா.

விசாரணைக்கு முந்தின நாள் முற்பகலில் மார்யா இல்லத்துக்கு வந்தாள். அம்மாவின் துணிகளை எடுத்துப்போக வந்தவள், சலவைக்கூடத்தில் பியூலாவும் தர்மினியும் இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். பியூலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்த ஊரில் யாரும் அப்படிச் செய்து பியூலா பார்த்ததில்லை.

"அன்றைக்கு நான் உங்களைப் பொய்க்காரி என்று நினைத்தேன். மன்னித்துவிடுங்கள். உங்களால் கேட்க முடிந்திருந்தால் நீங்கள் அம்மாவைக் காப்பாற்றியிருப்பீர்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் பற்றித்தான் பேசுவாள். பேவ்லா பாடுவாள் என்று சொல்வாள்."

பியூலா கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் வாயைத் திறந்தபோது தர்மினி தமிழில் அவசரமாக, "வேண்டாம் பிள்ளை," என்றாள்.

பியூலா ஃபின்னிஷில் சொன்னாள். அவளுக்கு நன்றாக வரும் மொழி அது. எங்கும் தடுக்கவில்லை.

"முதல்ல எனக்குக் கேட்டுது. அக்டோபர்ல. சட்டை போடும்போது உங்க அம்மா சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சுது. நேரம் போகுதேன்னு கேக்காத மாதிரி பாடினேன். நாலு நாள் அப்படிச் செஞ்சேன். மிஷின் அதைப் பாத்துத்தான் கத்துக்கிட்டுது. உங்க அம்மா அன்னைக்குச் சொன்ன வார்த்தை..."

அங்கே நின்றாள். சொல்ல வேண்டிய சொல் அவளிடம் இல்லை. திரும்பி தர்மினியைப் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா. என்னால சொல்ல முடியாது."

தர்மினி கையில் இருந்த படுக்கை விரிப்பை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், மேசைமேல் வைத்தாள். பிறகு மார்யாவின் பக்கம் திரும்பி அந்த ஒரு சொல்லை ஃபின்னிஷில் சொன்னாள்.

பியூலாவுக்குத் தண்ணீர் ஓடும் ஓசைதான் கேட்டது. மார்யாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது மெல்ல மாறி, பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விடுபட்டபோது, சொல்லியாயிற்று என்று தெரிந்துகொண்டாள்.